நீர்கொழும்புச் செயலமர்வா, தனிப் பயிற்சியாளரா, வெள்ளிக்கிழமைப் பதினைந்து நிமிடமா?

கோட்டைப் பகுதியில் இருக்கும் ஒரு சரக்கு அனுப்பும் முகவர் நிறுவனத்தில் ஊழியர் பயிற்சிக்கு நான்தான் பொறுப்பு. இந்த ஒப்பீட்டைத் தொடக்கி வைத்தது எங்கள் ஆவணப் பிரிவு. பதினொரு பேர். கப்பலுக்குரிய ஆவணங்களை ஒப்படைக்கவேண்டிய கடைசி நேரத்தை நாங்கள் ‘கட் ஓஃப்’ என்போம். அது நெருங்கும் மாலைகளில் பிழைகள் குவியும். கொள்கலன் இலக்கத்தில் ஒரு எண் மாறினால் பெரும்பாலும் கணினியே பிடித்துவிடும். அதன் கடைசி இலக்கம் அதற்கென்றே வைத்த சரிபார்ப்பு எண். கொள்கலன் கதவைப் பூட்டும் முத்திரையின் இலக்கத்துக்கு அப்படியொரு காவல் இல்லை. பெறுநர் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் அப்படித்தான், திருத்தக் கட்டணத்துக்கான பற்றுச்சீட்டு வரும்போதுதான் தெரியும்.

காலை பத்து மணிக்கு இதே பதினொரு பேரும் பிழை விடுவதில்லை. அதனால் ‘வேலை தெரியவில்லை, மறுபடி கற்றுக்கொடுங்கள்’ என்ற வழக்கமான மருந்து இங்கே பொருந்தாது. தெரிந்ததை நெருக்கடி நேரத்தில் செய்துகாட்டுவதே சிக்கல். விளையாட்டு வீரர்களிடமும் இசைக் கலைஞர்களிடமும் வளர்ந்த செயலாற்றுகை உளவியல் பேசுவதும் இதைத்தான். கொழும்பில் அந்தப் பெயரில் எங்கள் மேசைக்கு மூன்று வகை வந்தன. மூன்றையும் வெவ்வேறு அளவில் முயன்றுவிட்டோம். எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும். அதை இப்போதே சொல்லிவிட்டுத் தொடர்கிறேன்.

ஒரு நாள் செயலமர்வைப் பற்றி நீட்டத் தேவையில்லை. நீர்கொழும்புக் கடற்கரை ஹோட்டல், ஒரே நிறத்தில் டீ சட்டை, உற்சாகமூட்டும் பேச்சாளர், 1996 மார்ச் 17 லாகூர் இறுதிப் போட்டியின் காணொளி. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் எடுத்த 107 ஓட்டங்களை எத்தனையாவது முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அதில் குறை சொல்ல மாட்டேன். கணக்குப் பிரிவும் போக்குவரத்துப் பிரிவும் அன்றுதான் முதன்முதலாகச் சிரித்துப் பேசின. ஆனால் அடுத்த வாரம் கேட்டபோது, பேச்சாளர் சொன்னதில் ஒன்றைக்கூட ஒருவராலும் சொல்ல முடியவில்லை. மீட்டிப் பார்க்காத பாடம் எவ்வளவு விரைவாக மறந்துபோகிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் உளவியலாளர் 1885இலேயே எழுதி வைத்துவிட்டார்.

மறதியைவிட எனக்கு உறுத்தியது வேறு. யேர்க்ஸ், டொட்சன் இருவரும் 1908இல் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், எளிய வேலைக்குத் தூண்டல் கூடக்கூட எலிகள் விரைவாகக் கற்றன. நுணுக்கமாகப் பிரித்தறியும் வேலையில் ஓர் அளவைத் தாண்டிய தூண்டல் கெடுதலாகவே முடிந்தது. எலியை வைத்து மனிதரைத் தீர்மானிக்க வேண்டாம் என்பீர்கள், சரிதான். ஆனால் எங்கள் ஆவணப் பிரிவில் மாலை ஐந்து மணிக்குக் குறைவாக இருப்பது உற்சாகமா? பானை ஏற்கெனவே பொங்கி வழிகிறது. செயலமர்வு இன்னும் இரண்டு விறகைச் செருகுகிறது. 2023 செப்டம்பரில் பிரேமதாச மைதானத்தில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் 50 ஓட்டங்களுக்குச் சுருண்ட எங்கள் அணிக்கு வெல்லும் ஆசை இல்லை என்று யாராவது சொல்வார்களா?

தனிப் பயிற்சியாளர் நிச்சயமாக ஒரு படி மேல். எங்கள் செயற்பாட்டு முகாமையாளருக்கும் ஆவணப் பிரிவு மேற்பார்வையாளருக்கும் தலா எட்டு அமர்வுகள் ஏற்பாடு செய்தோம். முகாமையாளருக்குக் கிடைத்த பயன் கண்கூடு. கட் ஓஃப் நேரத்தில் ஊழியரின் கதிரைக்குப் பின்னால் போய் நிற்பது அவர் பழக்கம்; உதவுவதாகவே நினைத்திருந்தார். கைவந்த வேலையின் ஒவ்வொரு அடியையும் ஒருவர் தன்னைத் தானே கண்காணிக்கத் தொடங்கினால் அந்தக் கைப்பழக்கமே தடுமாறும் என்பது சையன் பீலொக் போன்றோரின் ஆய்வுகளில் பேசப்படும் விடயம். பின்னால் ஒருவர் நின்றால் வேறு என்ன நடக்கும்? இப்போது அவர் தன் அறையிலேயே இருக்கிறார். இந்த ஒரு மாற்றத்துக்கே கட்டணம் சரியாகிவிட்டது என்று சில நாள் நினைப்பேன்.

பெரிய வாடிக்கையாளர் முன் பேசப்போகும்போது ‘பதறாதே’ என்று தனக்குள் சொல்வதை விட்டு, ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிப் பார்க்கவும் அவர் கற்றுக்கொண்டார். எலிசன் வூட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த உத்தி அது. முகாமையாளர் முதலில் வெட்கப்பட்டார். இப்போது மின்தூக்கியில் உதடு அசைவதைப் பார்க்கிறேன்.

மேற்பார்வையாளருக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. அமர்வுகள் ஆங்கிலத்தில் நடந்தன. ஹட்டனில் படித்து வந்தவர், கெட்டிக்காரர், ஆங்கிலத்தில் மின்னஞ்சல் பிழையின்றி எழுதுவார். ஆனால் தன் பயத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பரீட்சை எழுதுவதுபோல் சொல்கிறார். “சரியான விடை எதுவென்றே யோசித்துக்கொண்டிருந்தேன், அண்ணன்” என்று பிறகு என்னிடம் சொன்னார்.

தனிப் பயிற்சிக்குப் போகிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். அமர்வில் பேசியது நிறுவனத்துக்கு வராது என்பதை முதல் நாளே எழுத்தில் போட்டுவிடுங்கள். எங்கள் பணிப்பாளர் ‘அறிக்கை எங்கே’ என்று கேட்டு ஒரு வாரம் முகம் சுளித்தார். இன்னொன்று, இது சிகிச்சை இல்லை. தூக்கமே இல்லாதவரை, திடீரென்று மூச்சு முட்டிப் பதறுகிறவரைச் செயலாற்றுகைப் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். மருத்துவர் இருக்கிறார், உளவளத்துணையாளர் இருக்கிறார், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

இனி எல்லாவற்றையும் தீர்மானித்த விடயத்துக்கு வருகிறேன்: பராமரிப்பு. எட்டு அமர்வுகளும் முடிந்து மூன்றாவது மாதம் மேற்பார்வையாளர் டோஹாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வாழ்த்தித்தான் அனுப்பினோம். ஆனால் அவருக்காகச் செலவழித்த அத்தனையும் கட்டுநாயக்கவில் அவரோடு விமானம் ஏறிவிட்டது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொழும்பில் ஆள் வைத்து நிறுவனம் நடத்தும் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பயிற்சி ஒருவரின் தலைக்குள் மட்டும் இருந்தால் அதன் ஆயுள் அவருடைய கடவுச்சீட்டைப் பொறுத்தது. அன்றிலிருந்து எந்த விலைப்பட்டியல் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: இதில் பாதிப் பேர் போய்விட்டால் அடுத்த வருடம் என்ன மிஞ்சும்?

அந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடித்தது மூன்றாவது வழி. விளையாட்டு உளவியல் படித்த ஒருவரை மூன்று அரை நாட்களுக்கு மட்டும் அழைத்தோம். ஊழியர்களை அவர் பயிற்றவில்லை. இரண்டு வழக்கங்களை நடத்துவதற்கு முகாமையாளருக்கும் புதிய மேற்பார்வையாளருக்கும் பழக்கிவிட்டுப் போனார்.

முதலாவது ஓர் அட்டை. ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று ஒவ்வொருவரும் தம் கையால், தம் மொழியில் ஒரு வரி எழுதி மேசையில் ஒட்டுவது. கோல்விட்சர் என்ற ஜேர்மன் உளவியலாளர் 1990களில் விரிவாக ஆராய்ந்த முறை. எங்கள் அலுவலகத்தில் ஒட்டியிருக்கும் ஒன்று (பி.எல். என்பது சரக்குக்கான கப்பல் ஆவணம்): ‘கப்பல் மாறிவிட்டது என்று தொலைபேசி வந்தால், கையில் இருக்கும் பி.எல்.லைச் சேமித்து மூடிய பிறகே பதில் சொல்வேன்.’ பக்கத்து மேசையில் சிங்களத்தில் இன்னொன்று. கட் ஓஃபுக்கு ஒரு மணி நேரம் முன்பு எல்லோரும் இரண்டு நிமிடம் கையை எடுத்துவிட்டு அட்டையைப் பார்ப்பார்கள். முதல் வாரம் கிண்டல்தான், கோவிலில் மணி அடித்தாயிற்றா என்று.

இரண்டாவது, வெள்ளிக்கிழமைப் பதினைந்து நிமிடம். என்ன செய்ய நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த வாரம் எதை மாற்றுவது என்ற நான்கே கேள்விகள். அமெரிக்க இராணுவம் 1970களில் பழக்கிய முறை. இப்படிப்பட்ட மீள்பார்வைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து டனன்பாம், செரசோலி இருவரும் 2013இல் எழுதிய கட்டுரை, ஒழுங்காக நடத்தினால் செயல்திறன் 20 முதல் 25 சதவீதம் வரை உயரலாம் என்கிறது.

‘ஒழுங்காக’ என்ற சொல்லில்தான் எங்கள் முதல் மூன்று வெள்ளிகளும் கவிழ்ந்தன. முகாமையாளர் ‘ஏன்’ என்பதற்குப் பதிலாக ‘யார்’ என்று கேட்டார். அறை நீதிமன்றமாயிற்று. குளூகர், டெனிசி இருவரும் 1996இல் தொகுத்த ஆய்வுகளில், பின்னூட்டம் கொடுத்த சந்தர்ப்பங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையிலிருந்து ஆளின் மீது தாவும்போது ஆபத்து என்பது அவர்கள் விளக்கம். வழக்கங்களைப் பழக்கிவிட்டுப் போன உளவியல்காரரிடம் தொலைபேசியில் புலம்பினேன். முகாமையாளர் முதலில் தன் பிழையைச் சொல்லட்டும், மற்றக் கருத்துகளைக் கடைசியில் சொல்லட்டும் என்றார்.

நான்காவது வெள்ளி. “செவ்வாய்க்கிழமை தவறான நிறையை உங்களுக்கு அனுப்பியது நான்தான்” என்றார் முகாமையாளர். சற்று அமைதி. பிறகு வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட நிறைவடையாத ஒரு தங்கை, “சேர், முத்திரை இலக்கத்தை நான் இத்தனை நாளும் சாரதி அனுப்பும் படத்தைப் பார்த்துத்தான் அடிக்கிறேன். படம் மங்கலாக இருந்தால் ஊகித்துவிடுவேன்” என்றாள். எட்டு அமர்வுகளிலும் வெளிவராத காரணம் அது. அடுத்த திங்கள் முதல் சாரதி படத்தோடு இலக்கத்தையும் தட்டச்சிட்டு அனுப்புகிறார்.

அதன்பின் ஊழியர்களே சொல்லும் பிழைகளின் எண்ணிக்கை கூடியது, பணிப்பாளர் பயந்துவிட்டார். நன்றாக வழிநடத்தப்பட்ட தாதியர் குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகின என்று ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் கண்டதை எடுத்துச் சொல்லித்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன்.

செலவு இல்லை என்று நினைக்க வேண்டாம். பதினொரு பேர், பதினைந்து நிமிடம்: வாரத்துக்கு இரண்டே முக்கால் மணி நேர உழைப்பு. பராமரிப்பும் தானாக நடக்காது. வெசாக் வாரம் ஒன்று தவறியது, அடுத்த வாரம் ‘அவசர வேலை’; மூன்றாவது வாரம் யாரும் பேச்சே எடுக்கவில்லை. மீண்டும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. இப்போது நடத்தும் பொறுப்பு முறைவைத்துச் சுழல்கிறது, அதனால் ஒருவர் விலகினாலும் வழக்கம் நிற்பதில்லை. இந்த வருடம் சேர்ந்த இருவரும் முதல் வாரத்திலேயே அட்டை எழுதிவிட்டார்கள். அவர்களுக்காகத் தனிச் செலவு எதுவும் இல்லை.

என் அனுபவம் மெலிந்த இடங்களையும் சொல்லவேண்டும். பத்து மாதம், ஒரே பிரிவு. விற்பனைப் பிரிவில் முயன்று தோற்றோம். வெள்ளிக்கிழமை அவர்கள் அலுவலகத்தில் இருப்பதே இல்லை. திருத்தக் கட்டணம் குறைந்திருக்கிறது, ஆனால் அந்த மாதங்களில் ஏற்றுமதியும் சற்றுக் குறைந்தது. எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு நாங்கள் தொடக்கத்திலேயே கணக்கு வைக்கவில்லை. முப்பது வருடம் தனியே முடிவெடுத்துப் பழகிய தலைவருக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டம் போதாமலிருக்கலாம். அவருக்குத் தனிப் பயிற்சியாளரே பொருத்தம் என்று நினைக்கிறேன், இரண்டே பேரைப் பார்த்த அனுபவத்தில்.

அடுத்த வருட வரவுசெலவில் மூன்றும் இருக்கின்றன. நீர்கொழும்பு உண்டு, பேச்சாளர் இல்லாமல், வெறும் சுற்றுலாவாக. தமிழிலோ சிங்களத்திலோ அமர்வு நடத்தக்கூடியவர் கிடைத்தால் மட்டும் இரண்டு பேருக்குத் தனிப் பயிற்சி. வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்கியது அட்டை வாங்கும் காசும் தேநீரும். இந்த வாரம் கூட்டத்தை நடத்துவது சாரதியின் முறை. எந்த மொழியில் நடத்துவது என்று நேற்றுக் கேட்டுவிட்டுப் போனார்.