இலவசக் கால் ஸ்கேன்: இடது 11, வலது 9

ஓடுவதற்கு ஷூ வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. இதே வேலையை எந்த ஊரில் எந்தக் கடை செய்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரிந்தால் போதும்.

எனக்கு 44 வயது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று போன வருடம் டாக்டர் சொன்னதும், கோவை ரேஸ் கோர்ஸில் நடக்க ஆரம்பித்தேன். இரண்டரை கிலோமீட்டர் சுற்று. ஒரு சுற்று இரண்டானது, நடை ஓட்டமானது. கூட ஓடுகிறவர்கள் ஏற்றிவிட்டதில், வாரம் 12 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன் இரண்டே மாதத்தில் 30-க்குப் போய்விட்டேன். இடது கணுக்காலின் உள்பக்கம், துருத்தி நிற்கும் எலும்புக்குப் பின்னால் வலி வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது விண்ணென்று இருக்கும். "ஷூ சரியில்லீங்க. அந்தக் கடையில சும்மாவே கால் ஸ்கேன் பண்றாங்க, போய்ப் பாருங்க" என்றார் ஒருவர். சும்மா என்றால் நமக்குக் கால் ஓரிடத்தில் நிற்காதே, போனேன்.

வெள்ளைக் கோட் போட்ட ஒரு பையன் வரவேற்றான். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மட்டும்தான் இல்லை. ஒரு பலகையின் மேல் ஏறி நிற்கச் சொன்னான். என் பாதங்கள் திரையில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக மலர்ந்தன. பத்து வினாடி இருக்கும். பிறகு வெறுங்காலோடு ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு, பின்னால் நின்று போனில் வீடியோ எடுத்தான். அதை எனக்குக் காட்டவில்லை. அதற்குள் பிரிண்டர் ஒரு தாளைத் துப்பிவிட்டது. இடது 11 டிகிரி, வலது 9 டிகிரி, கீழே சிவப்பு எழுத்தில் 'கடுமையான ஓவர்ப்ரோனேஷன்'.

"உங்க பாதம் உள்பக்கமா சரியுது சார். இப்படியே ஓடுனீங்கன்னா அஞ்சு வருசத்துல முட்டி மாத்த வேண்டி வரும்."

எங்கள் அம்மாவுக்கு இரண்டு முட்டியும் மாற்றியாகிவிட்டது. அந்த ஒரு வரிக்குத்தான் நான் விழுந்தேன்.

இப்போது தெரிந்ததை அப்போதே தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஓடும்போது பெரும்பாலானவர்களுக்குக் குதிகாலின் வெளி ஓரம் முதலில் தரையைத் தொடும், பிறகு பாதம் கொஞ்சம் உள்பக்கமாகச் சரியும். அது நோயில்லை. தரை திருப்பிக் கொடுக்கிற அடியைப் பாதம் அப்படித்தான் வாங்கிக்கொள்கிறது. பழைய ஷூவில் குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருப்பதும் இதனால்தான். அந்தச் சரிவு அளவுக்கு மேல் போனால், அல்லது சரிந்த பாதம் உரிய நேரத்தில் திரும்பாமல் இருந்தால், அதற்குத்தான் ஓவர்ப்ரோனேஷன் என்று பெயர். நின்றுகொண்டிருக்கிற காலைப் படம் பிடித்து இதைச் சொல்ல முடியாது. குளித்துவிட்டு ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் விழுகிற தடமும், அந்தக் கலர் படமும் கிட்டத்தட்ட ஒரே சங்கதியைத்தான் சொல்கின்றன: நிற்கும்போது எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது என்று. ஓடும்போது என்ன நடக்கிறது என்பது வேறு கதை.

பையன் கொண்டுவந்த ஷூ நல்ல கனம். உள்பக்க மிட்சோலில், அதாவது அடிப்பாகத்தின் மெத்தைப் பகுதியில், சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. "கட்டைவிரல்ல அமுக்கிப் பாருங்க சார், கல்லு மாதிரி இருக்கும். பாதம் சரிய விடாது." உண்மைதான், ஷூவின் மற்ற இடம் அமுங்கியது, அந்த இடம் அமுங்கவில்லை. பாதம் அதிகமாகச் சரிகிறவர்களுக்குப் பல வருடங்களாக இப்படித்தான் ஷூ செய்து வந்தார்கள், அதில் ஏமாற்று இல்லை. ஏமாற்று அடுத்து வந்தது. "உங்க டிகிரிக்கு இது மட்டும் பத்தாது சார்" என்று சொல்லி, என் கால் அளவுக்கென்றே செய்வது என்று ஒரு கெட்டியான இன்சோலையும் சேர்த்தான். நடுவில் மேடு தூக்கியிருக்கும் பிளாஸ்டிக் அச்சு. ஷூ 12,999 ரூபாய், இன்சோல் 5,499. மொத்தம் 18,498.

கார்ப்பெட்டில் ஆறு எட்டு வைத்துப் பார்த்தேன். பாதத்தின் வெளி ஓரம் அழுத்துகிறது என்றேன்.

"புதுசுல அப்படித்தான் சார் இருக்கும், பழகிடும்."

வாழ்க்கையில் எதற்கெல்லாமோ இந்தச் சொல்லை நம்பியிருக்கிறேன். ஷூவுக்கு நம்பாதீர்கள். ஓடுகிற ஷூ முதல் நிமிடத்திலேயே காலுக்கு இதமாக இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் வெளி ஓரத்தில் கொப்புளம். இரண்டாம் வாரம் வலது முட்டியின் வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டது, அதுவரை வலித்தே இராத முட்டி. 18,498 ரூபாய் போட்டவன் உடனே கழற்றுவானா? பழகிடும், பழகிடும் என்று மூன்று வாரம் ஓடினேன். கடைசியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கும் நிலை வந்த பிறகுதான் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன்.

அந்தம்மா முதலில் கேட்டது ஷூவைப் பற்றியே இல்லை. "வாரம் எத்தனை கிலோமீட்டர்? மூணு மாசம் முன்னாடி எத்தனை?" சொன்னதும் சிரித்தார். பழைய ஷூவில் ஐந்து நிமிடம், புது ஷூவில், புது ஷூவில் இன்சோலைக் கழற்றிவிட்டு என்று மூன்று முறை ஓடவிட்டு, பின்னாலிருந்து எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டி எனக்கே காட்டினார். பழைய ஷூவில் இடது கால் கொஞ்சம் உள்பக்கம் சரிகிறது, என் கண்ணுக்கே தெரிந்தது. வலது கால் ஒழுங்காகத்தான் இருந்தது. புது ஷூவும் இன்சோலும் சேர்ந்தபோது இரண்டு காலும் வெளி ஓரத்திலேயே தத்தின. ஒரே குழம்புக்கு இரண்டு பேர் உப்புப் போட்ட கதை. அப்புறம் ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார். வலது காலில் 22 முறை போனது, இடது காலில் 8-வது முறையே நடுங்கியது. வலி அங்கே இருந்திருக்கிறது. தசைக்குத் தெம்பில்லை, நான் தூரத்தைக் கூட்டிவிட்டேன்.

முட்டி மாற்ற வேண்டி வருமா என்று பயந்து கேட்டேன். டென்மார்க்கில் புதிதாக ஓட ஆரம்பித்த 927 பேருக்கு ஒரே மாதிரி சாதாரண ஷூ கொடுத்து ஒரு வருடம் பார்த்தார்களாம், முடிவு 2014-ல் வந்தது. பாதம் உள்பக்கம் சரிகிறவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக அடிபடவில்லை. அதற்காகப் பாதம் சரியாமல் தாங்கிப் பிடிக்கிற ஷூவே வீண் என்றும் சொல்லிவிட முடியாது என்றார். லக்ஸம்பர்க்கில் 372 பேரை ஆறு மாதம் பார்த்த 2016 ஆய்வில், பாதம் நன்றாகச் சரிகிறவர்களுக்குத் தாங்கு ஷூ உதவியிருக்கிறது. ஆக, சிலருக்கு வேண்டும், பலருக்கு வேண்டாம், யாருக்கு என்பது ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பையன் சொன்ன 'அஞ்சு வருசம்' எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

இத்தோடு விட்டிருப்பேன். ஆனால் அடுத்த வாரம் என் மச்சான் அதே கடையின் தாளோடு வீட்டுக்கு வந்தான். மச்சானுக்கு ஈரக்காலோடு நடந்தால் குதிகாலும் பாதத்தின் முன்பகுதியும் மட்டும்தான் தரையில் பதியும், அவ்வளவு உயர்ந்த வளைவு. தாளில் இடது 11, வலது 9. என் தாளைத் தேடி எடுத்து இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்தோம். பெயரும் தேதியும்தான் வேறு. அந்தக் கலர் பாதத்தின் சுண்டுவிரலோரம் இருந்த சின்ன நீலப் பொட்டுகூட அதே இடத்தில்.

அதற்குப் பிறகு இன்சோலைத் திருப்பிப் பார்த்தேன். என் காலுக்கென்றே செய்ததாகச் சொன்ன பொருளின் அடியில் 'எல்' என்று பொது சைஸ் அச்சு. ஷூ பெட்டியில் தயாரிப்பு மாதம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டிக்கர், நகத்தால் சுரண்டினால் கீழே நான்கு வருடத்துக்கு முந்தைய வருடம். தள்ளுபடியில் பழைய மாடல் வாங்குவது தப்பில்லை, நானே வாங்குவேன். ஸ்டிக்கர் ஒட்டி முழு விலைக்கு விற்பதுதான் தப்பு.

கடைக்குப் போனேன். வெள்ளைக் கோட் இல்லை. கல்லாவில் இருந்தவர் பில்லைத் திருப்பி, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியைக் காட்டினார். அந்த வரியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு வந்துவிடாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் எத்தனை நாள் என்று போடாவிட்டால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. புகார் எண்ணையும் இரண்டு தாள்களின் போட்டோவையும் கடைக்கு அனுப்பிய நாலாம் நாள், இன்சோல் பணம் 5,499 திரும்பி வந்தது. ஷூவை மூன்று வாரம் போட்டு ஓடியதால் அதற்கு ஒன்றும் தேறவில்லை. எட்டு வாரம் குதிகால் தூக்கும் பயிற்சி செய்த பிறகு இடது கணுக்கால் வலி போய்விட்டது.

அடுத்த ஷூவை வேறு கடையில் வாங்கினேன். சாயங்காலம் போனேன், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம். ஓடும்போது போடுகிற அதே சாக்ஸ், கையில் பழைய ஷூ. லேசான தாங்கல் உள்ளது ஒன்று, சாதாரணமானது ஒன்று, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கடை வாசல் நடைபாதையில் ஓடிக் காட்டினேன், பார்த்தவர்கள் சிரித்தார்கள். இப்போது வருகிற தாங்கு ஷூக்களில் பலவற்றில் அந்தக் கல்லுப் பட்டையே கிடையாது. ஆசிக்ஸ் கம்பெனியின் ஜெல் கயானோ என்ற தாங்கு ஷூவே 2023-ல் வந்த 30-வது மாடலில் அதை எடுத்துவிட்டது, அகலமான அடிப்பாகமும் மெத்தென்ற உள்வளைவுமாக மாற்றினார்கள். குதிகால் கப்பை இரண்டு விரலால் அமுக்கினால் மடங்கக் கூடாது, முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். எனக்கு இதமாக இருந்தது லேசான தாங்கல் உள்ளதுதான். இன்சோல் என்று வாயைத் திறந்த விற்பனையாளரிடம் "வேண்டாங்க" என்றேன்.

உங்களிடமும் அந்தக் கலர் தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இடது 11, வலது 9 என்று இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். இதுவரை மூன்று சேர்ந்திருக்கிறது.