20 வருஷ சான்ட்ரோவின் உட்புறத்துக்கு ஸ்ப்ரே கோட்டிங்: 11 மாதம் கழித்து எழுதுகிறேன்

அப்பாவின் சான்ட்ரோ 2004 மாடல். இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி, சென்னையை விட்டு அதிகம் வெளியே போனதில்லை. 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தபோதுகூட மெக்கானிக் "எஞ்சின்ல ஒண்ணும் இல்ல, தைரியமா ஓட்டுங்க" என்றுதான் சொன்னார். வெளியே பார்த்தால் குறை சொல்ல முடியாது. கதவைத் திறந்தால்தான் வயது தெரியும். டேஷ்போர்டின் மேல்பக்கம் வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்த மாதிரி, டோர் பேடின் பீஜ் நிறம் கதவுக்கு ஒரு மாதிரி, கியர் நாப் வழுவழுவென்று. ஓட்டுபவர் பக்கம் அப்பாவின் வலது முழங்கை இத்தனை வருஷமாகப் படிந்த இடத்தில் ரெக்சினின் மேல்தோலே போய் அடியில் இருக்கும் துணியின் இழை தெரிந்தது.

வண்டியை மாற்றும் எண்ணம் அப்பாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அதனால் உள்ளே நிறம் போடலாம் என்று முடிவு செய்தோம். இப்போது அந்த வேலை நன்றாக முடிந்து 11 மாதம் ஆகிறது. ஆனால் அதற்கு முன்னால் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பேர் அந்த வழியாகத்தான் போவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆக்சசரீஸ் கடையில் "இன்டீரியர் ஃபுல் பெயிண்ட், ஒரே நாள், 4,000 ரூபாய்" என்றார்கள். காலையில் விட்டேன், சாயங்காலம் எடுத்தேன், பளபளவென்று இருந்தது, அப்பாவுக்கும் சந்தோஷம். மறுநாள் மதியம் ஓ.எம்.ஆரில் போகும்போதுதான் அந்தப் பளபளப்பு எவ்வளவு ஆபத்து என்று புரிந்தது. டேஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடி முழுக்க விழுந்து, எதிரே இருக்கும் வண்டியின் பிரேக் லைட்டே சரியாகத் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் ரெக்சின் மடியும் இடமெல்லாம் கோடு கோடாக வெடித்தது. அப்புறம் ஒரு நாள் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த மொபைல் ஹோல்டரைப் பிடுங்கினேன், அதோடு உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் ஒரே தாளாக உரிந்து வந்தது. அடியில் பிளாஸ்டிக் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அதாவது பெயிண்ட் அதில் பிடிக்கவே இல்லை, சும்மா மேலே படுத்திருந்தது.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. அவர்கள் அடித்தது பாடிக்கு அடிக்கும் பெயிண்ட். தகரத்தின் மேல் கெட்டியாக நிற்க வேண்டும் என்று செய்த பூச்சு அது, வளைந்து கொடுக்காது. ரெக்சினோ மெத்தென்று அமுங்கி எழும் பொருள். டேஷ்போர்டும் டோர் பேடும் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். டோர் பேடைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் பின்னால் சுருக்கமாக PP என்று அச்சு இருக்கும். அந்தப் பிளாஸ்டிக்கில் நேராக எந்தப் பெயிண்டும் ஒட்டாது, அதற்கென்று இருக்கும் பிளாஸ்டிக் பிரைமர் முதலில் போக வேண்டும். பம்பர் பெயிண்ட் அடிக்கும் எந்தப் பட்டறைக்காரருக்கும் தெரிந்த விஷயம்தான் இது, பம்பரும் அதே பிளாஸ்டிக்தானே. உள்ளே வரும்போது மட்டும் அதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, இரண்டாவது இடத்துக்கு வருகிறேன். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு ஷெட். போர்டுகூடக் கிடையாது, சோபாவும் ஆபீஸ் நாற்காலியும்தான் அதிகம் வரும், நடுநடுவே கார். நடத்துகிறவர் ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், பல வருஷம் ஸ்ப்ரே பிரிவில் வேலை பார்த்தவர். அங்கே தோலுக்கு நிறம் ஏற்றும் அதே முறையைத்தான் இங்கே ரெக்சினுக்கும் பிளாஸ்டிக்குக்கும் செய்கிறார். நிறத்துக்குத் தண்ணீர் கலந்த பிக்மெண்ட், பிடித்துக்கொள்ள பைண்டர், மேலே காப்பாகப் பளபளக்காத ஒரு மேட் டாப் கோட். சரக்கெல்லாம் பெரியமேட்டிலிருந்து வருகிறது. நாள் முழுக்க மடங்கி நிமிரும் செருப்பு, ஷூ தோலுக்கென்று செய்த பூச்சு என்பதால் ரெக்சினோடு சேர்ந்து வளைகிறது, வெடிப்பதில்லை.

வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் அவர் கேட்ட முதல் கேள்வி: "சார், டேஷ்போர்டுக்கு என்ன பாலிஷ் போடுறீங்க?"

அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டேஷ்போர்டு பாலிஷ் போடுவார். பல வருஷப் பழக்கம். பாட்டில் அப்போதும் கதவுப் பையில்தான் இருந்தது. ஷெட்காரர் அண்ணன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, சிலிகான் என்று சொல்லித் திரும்ப வைத்தார். அப்புறம் அவர் விளக்கியது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சிலிகான் படிந்த இடத்தில் எந்தப் பூச்சு விழுந்தாலும் அது பரவாமல் விலகி ஓடும், நடுவில் சின்ன வட்டமாகப் பள்ளம் நிற்கும், பெயிண்டர்கள் அதைத்தான் ஃபிஷ் ஐ என்கிறார்கள். போன கடையில் அடித்த பெயிண்டிலும் அந்த வட்டங்கள் இருந்தன, அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நான் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

வேலை மொத்தம் நான்கு நாள். அதில் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தது ஒரு நாள்தான். மீதியெல்லாம் கழற்றுவது, கழுவுவது, துடைப்பது. முதல் நாள் முழுக்க நானும் கூடவே இருந்தேன். பின்கதவில் கண்ணாடி சுற்றும் கைப்பிடியைக் கழற்ற ஸ்க்ரூ இருக்காது, உள்ளே ஒரு கம்பிக் கிளிப்தான் பிடித்திருக்கும். அவர் ஒரு பழைய பனியன் துணியைக் கைப்பிடிக்குப் பின்னால் விட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தார், நாலாவது இழுப்பில் கிளிப் டக்கென்று வெளியே வந்து துணியிலேயே மாட்டிக்கொண்டது. போன கடையில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிய கீறல் பக்கத்திலேயே இருந்தது.

பழைய பெயிண்ட் பிளாஸ்டிக்கிலிருந்து பெரும்பாலும் நகத்துக்கே உரிந்தது. பிறகு சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்ப்பு. டேஷ்போர்டில் அந்தப் பொடிப்பொடிச் சொரசொரப்பு இருக்கிறதே, அதற்குள் இருக்கும் எண்ணெய் துணியால் துடைத்தால் வராது, பிரஷ் வேண்டும். அது காய்ந்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், வெள்ளைத் துணி. துணியில் மஞ்சளாக ஏறும், மடிப்பை மாற்றுவார், திரும்பத் துடைப்பார். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை நிறுத்தவில்லை. எத்தனை தடவை என்று எண்ணியதில் ஏழில் விட்டுவிட்டேன். அதற்கு மேல் கடைசியாகத் தண்ணீரை லேசாகத் தெளித்துப் பார்த்தார். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, ஒரே படலமாகப் பரவினால் சரி. அப்புறம் ஸ்காட்ச் பிரைட்டால் லேசான தேய்ப்பு. வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள் போட்டால் பிளாஸ்டிக்கின் டிசைன் அழிந்துவிடும் என்று அதைத் தொடவே இல்லை.

ரெக்சினில்தான் சிக்கல். அப்பாவின் முழங்கை பட்ட இடமும், பெயிண்ட் வெடித்த இன்னொரு துண்டும் காப்பாற்ற முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஸ்ப்ரே நிறத்தைத்தான் தரும், போன தோலைத் தராது. இழை தெரியும் இடத்தில் எவ்வளவு அடித்தாலும் இழை நிறம் மாறித் தெரியும், அவ்வளவுதான். அந்த இரண்டு துண்டுக்கும் புது ரெக்சின் வைத்து ஒட்டினார். கழற்றிய பழைய துண்டை மெக்கானிக்குகள் பழைய பார்ட்டைத் திருப்பித் தருகிற மாதிரி ஒரு கவரில் போட்டு அப்பா கையில் கொடுத்தார், "இந்தாங்க ஐயா, உங்க முழங்கை." அப்பா அதை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

நிறம் கலப்பதை ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எந்த பீஜை வைத்துக் கலப்பது என்பதே முதல் கேள்வி, வெயில் பட்ட பீஜ் கம்பெனி போட்ட பீஜ் இல்லை. டோர் பேடின் விளிம்பு, ரப்பருக்குள் மறைந்திருந்த விரலகலப் பகுதி, அதுதான் அசல். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெள்ளையில் மஞ்சள், துளி சிவப்பு, குச்சி முனையில் கறுப்பு. ஈரமாக இருக்கும்போது இந்தக் கலவை பால் கலந்த மாதிரி வெளிறித் தெரியும், காய்ந்தால் அடர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு ரெக்சினில் தடவி ஹேர் டிரையரால் காயவைத்து ஒப்பிட்டார். டியூப் லைட்டில் அச்சு அசலாகப் பொருந்திய நிறம் ஷெட்டுக்கு வெளியே வெயிலில் கொஞ்சம் பச்சையடித்தது. உள்ளே போய் இன்னும் துளி சிவப்பு. இப்படி ஒன்றரை மணி நேரம் ஆனது, எனக்கு நேரம் போனதே தெரியவில்லை.

பிளாஸ்டிக்குக்கு முதலில் பிரைமர். அப்புறம் நிறத்தை அடித்தது மெல்லிசு மெல்லிசாக. முதல் கோட் அடித்ததும் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், தூசி படிந்த மாதிரிதான் தெரியும், அடியில் இருப்பதெல்லாம் தெரியும். பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு அடுத்தது. டேஷ்போர்டுக்கு ஐந்து கோட், டோர் பேடுக்கு ஆறு. ஒரே தடவையில் மூட நினைத்தால்தான் சொரசொரப்பின் பள்ளமெல்லாம் நிரம்பி வழுவழுவென்று பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும். டாப் கோட் முழு மேட். டேஷ்போர்டின் மேல்பக்கத்துக்கு மேட் இல்லாத எதையும் யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள், இதை நான் ஓ.எம்.ஆரில் பயந்த பயத்தோடு சொல்கிறேன்.

இன்னொன்று, அவர் சரியான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுத்தான் அடித்தார், உதவிக்கு இருந்த பையனுக்கும் கொடுத்தார். டாப் கோட் இறுக அதில் கலக்கும் ஹார்ட்னர் நுரையீரலுக்கு நல்லதில்லை. முதல் கடையில் அடித்த பையன் முகத்தில் கர்சீப்தான் கட்டியிருந்தான், நான் அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்காமல் வந்தது இப்போதும் உறுத்துகிறது.

11 மாதம் கழித்து நிலைமை இது. டேஷ்போர்டில் ஒரு குறையும் இல்லை, இந்த மே மாத வெயிலில் வெளியே நிறுத்தியும் நிறம் இறங்கவில்லை, கண்ணாடியில் பிம்பம் இல்லை. டோர் பேட் அப்படியே இருக்கிறது, அப்பா முதல் வாரமே நகத்தால் கீறிப் பார்த்துவிட்டார், கோடு விழவில்லை. பின் சீட்டின் ஓரங்களும் நன்றாகவே நிற்கின்றன. தேய்ந்தது இரண்டு இடம். கியர் நாபின் உச்சியில் நிறம் மெல்லிதாகிவிட்டது, ஸ்டீயரிங்கில் இடது கை பிடிக்கும் இடத்தில் லேசான பளபளப்பு வந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் அவர் முன்பே "வேண்டாம் சார், ஸ்டீயரிங்குக்குத் தோல் தைச்சுடலாம், நிறம் நிக்காது" என்றார், நான்தான் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று கேட்டு வாங்கினேன். கை நாள் முழுக்கப் பிடிக்கும், வியர்வை படும் இடத்துக்கு இந்த வேலை சரிப்படாது.

செலவு 11,500 ரூபாய், ரெக்சின் ஒட்டியது உட்பட. முதல் கடையின் 4,000-ஐப் பார்த்தால் அதிகமாகத் தோன்றும். ஆனால் நான்கு நாள் இரண்டு ஆள் வேலை இது. குறை என்று சொன்னால் இரண்டு நாளில் தருகிறேன் என்றவர் நான்கு நாள் எடுத்தார், போன் செய்தால் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் தண்ணீர்ப் பூச்சு காய ரொம்ப நேரம் எடுக்கும், அவரே வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார். வண்டி வந்த பிறகு ஒரு வாரம் ஈரத்துணி படக்கூடாது. ஏர்பேக் இருக்கும் வண்டியென்றால் அந்த மூடியின் மேல் எதையும் அடிக்கவிடாதீர்கள், எங்கள் வண்டியில் இல்லாததால் அந்தக் கவலை இல்லை.

வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்ப்ரே டின்னில் நான் ஸ்பீக்கர் கிரில்லும் ஆஷ்ட்ரே மூடியும் அடித்தேன், பிளாஸ்டிக் பிரைமர் போட்டு மேட் பிளாக், இன்றுவரை நன்றாக இருக்கிறது. கெட்டிப் பிளாஸ்டிக், சின்னச் சாமான், கழற்றி வெளியே வைத்து அடிக்கலாம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ரெக்சினுக்கு மட்டும் அந்த டின் வேண்டாம். அமெரிக்காவில் ரெக்சினுக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்றே வளையும் பூச்சு டின்னில் கிடைக்கிறது, செம் கலர் கோட் என்பது அங்கே பேர் பெற்றது. அங்கே இருக்கும் மச்சானிடம் இரண்டு டின் கொண்டுவரச் சொன்னேன், பெயிண்ட் ஸ்ப்ரே டின்னை விமானத்தில் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது என்று சொல்லிவிட்டார்.

கியர் நாபை மட்டும் போன வாரம் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் வாங்கிப் பார்த்தார், அந்த பீஜ் கலவையில் மிச்சத்தை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் எங்கள் வண்டி நம்பரை எழுதி வைத்திருந்தார். காசு வாங்கவில்லை. டேஷ்போர்டுக்கு இப்போது என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார், ஈரத்துணி மட்டும்தான் என்றேன்.

"ஐயா ஒத்துக்கிட்டாரா?" என்றார்.

ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை இப்போதும் துடைக்கிறார், வெறும் தண்ணீரில்.