மொட்டை மாடி ஆண்டெனா: நேர் கேபிளா, பெட்டியா?

திருவான்மியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் என் ஹாம் ரேடியோவுக்கு மூன்று ஆண்டெனாக்கள் நிற்கின்றன. 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேரும் இரண்டு கை ஆண்டெனா. 145 மெகாஹெர்ட்ஸுக்கு, ஒரே திசையை நோக்கும் யாகி ஒன்றும், சுற்றிலும் எல்லாத் திசைக்குமான கிரவுண்ட் பிளேன் ஒன்றும். போன செப்டம்பர் வரை மூன்றுக்கும் தனித்தனி கேபிள்; ஆண்டெனாவிலிருந்து ரேடியோ அறை வரை நடுவில் எங்கும் வெட்டு கிடையாது. மழைக்கு முன் எல்லாவற்றையும் கைப்பிடிச் சுவரில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இறக்கினேன். மேலிருந்து வரும் கேபிள்கள் அங்கே முடியும், அறைக்குப் போகிறவை அங்கே தொடங்கும்.

ஒரே ஒரு ஆண்டெனா, அதுவும் வாடகை வீடு என்றால் நேர் கேபிளே போதும். செலவு குறைவு, மழை புகும் இணைப்பும் குறைவு. நடுவில் இணைப்பு வைத்தால் சிக்னல் போய்விடும் என்பார்கள். நல்ல ‘N’ வகை கனெக்டர் போட்டால் 145 மெகாஹெர்ட்ஸில் அந்த இழப்பு தெரியவே தெரியாது. கேபிள்தான் முக்கியம். அதே 145 மெகாஹெர்ட்ஸில் 25 மீட்டர் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளைப் போட்டால் அனுப்பிய பவரில் மூன்றில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேரும்.

நான் பெட்டிக்கு மாறியதற்குக் காரணம் பராமரிப்பு. முந்தைய ஆண்டு நவம்பரில் யாகி மெல்ல மெல்ல மங்கியது. அனுப்பிய பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு எஸ்டபிள்யூஆர்; 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. ரேடியோ பக்கம் அது 1.2, பார்க்க அருமையாக இருந்தது. சரி, ஆண்டெனா நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு மாதம் விட்டுவிட்டேன். அப்புறம் மேலே யாகிக்குப் பதில், பவரை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடும் பவர் மீட்டரும் மாட்டிப் பார்த்தால், 25 வாட் அனுப்பிய இடத்தில் 6 வாட்தான் வந்தது. அந்தத் தடித்த ஆர்ஜி-213 கேபிளில் 15 வாட்டாவது வந்திருக்க வேண்டும். கேபிளுக்குள் தண்ணீர். போகும்போதும் திரும்பும்போதும் பவரைக் கேபிளே தின்றுவிடுவதால் மீட்டருக்குத் திரும்பி வருவது குறைவு. அளவு நல்லதாகவே காட்டும். உறையைச் சீவினேன், செம்பு வலை கறுத்துப் பச்சை பூத்திருந்தது. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஈரம் அந்த வலை வழியாகவே உள்ளே போயிருக்கிறது. கேபிள் முழுவதும் வீண். மற்ற இரண்டோடு ஒரே பைப்புக்குள் சுவர் வழியாக வந்தது அது. உருவி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று, டைபோல் கேபிளின் உறையும் சிராய்ந்தது.

பெட்டி இருந்திருந்தால் ஆண்டெனாவிலிருந்து பெட்டி வரையுள்ள 6 மீட்டரை மட்டும் கழற்றி எறிந்திருப்பேன், அரை மணி நேர வேலை. கோளாறு மேலேயா கீழேயா என்று நடுவில் நின்றே அளந்தும் விடலாம். இடி மின்னல் வருவதற்கு முன்பே மேல் கேபிள்களை வீட்டுக்கு வெளியிலேயே கழற்றி வைக்க முடிகிறது. மின்னல் அதிர்வை எர்த்துக்குத் திருப்பிவிடும் அரெஸ்டர் மூன்றும் ஒரே உலோகத் தகட்டில், எர்த்துக்கு ஒரே தடித்த வயர். நேரடியாக இடி விழுந்தால் இதுவும் உத்தரவாதமில்லை.

பெட்டியை ஒட்டுமொத்தமாக அடைத்துவிடக் கூடாது. வெயிலில் சூடேறி மழையில் குளிரும்போது ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடியில் 5 மில்லிமீட்டர் துளை போட்டு, எறும்பு வராமல் வலை வைத்தேன். கனெக்டர்கள் எல்லாம் அடிப்பக்கம்; கேபிள் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறி வர வேண்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வெளியே உள்ள இணைப்புகளுக்கு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, ஓடு வேய்வதுபோலக் கீழிருந்து மேலாகச் சுற்றி, வெயிலுக்காக மேலே கறுப்பு பிவிசி டேப். புளிக்காடி வாசம் வரும் சிலிக்கான் வேண்டாம், செம்பை அரிக்கும். வெள்ளை கேபிள் டையும் வேண்டாம், வெயிலில் காய்ந்து பட்டென்று உடையும், கறுப்புதான் தாங்கும். மார்க்கரில் எழுதிய பெயரும் வெளுத்துவிடும் என்பதால், கேபிளின் இரு முனையிலும் கலர் டேப் வளையம் போட்டேன்: டைபோலுக்கு ஒன்று, யாகிக்கு இரண்டு, கிரவுண்ட் பிளேனுக்கு மூன்று.

பெட்டிக்குள் ரிலே ஸ்விட்ச் (அறையிலிருந்தே ஆண்டெனாவை மாற்றும் மின் ஸ்விட்ச்) வைத்து மூன்றையும் ஒரே கேபிளில் இறக்குவதை நண்பர் வீட்டில் இரண்டு நாள்தான் பார்த்தேன், அதை வைத்துப் பரிந்துரைக்க மாட்டேன். என் பெட்டியும் ஒரு மழைக்காலம்தான் கண்டிருக்கிறது. டிசம்பர் கடைசியில் திறந்தபோது உள்ளே காய்ந்திருந்தது, கனெக்டர்களில் பச்சை இல்லை. யாகி முனையில் மட்டும் டேப் ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்தது. அந்த 6 மீட்டரை இந்த மாதம் மாற்றிவிடுவேன், கேபிள் வாங்கி வைத்தாயிற்று.