சிலிக்கானா, அக்ரிலிக்கா, பாலியூரித்தேனா, சிமென்ட்டா? வீட்டு விரிசலை எதைக் கொண்டு அடைப்பது

எங்கள் குளியலறையில் சுவரும் தரையும் சேரும் மூலையை நான் மூன்று முறை வெள்ளை சிமென்ட்டால் அடைத்திருக்கிறேன். மூன்று முறையும் சில மாதங்களில் அதே இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது. பிறகு அது விரிந்து, விரலால் தட்டினாலே துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. முதல் முறை, கலவையில் தண்ணீர் கூடிவிட்டது என்று எண்ணினேன். அடுத்த முறை, சிமென்ட் பழையது என்று எண்ணினேன். மூன்றாம் முறை, பெயர்ந்த துண்டைக் கையில் எடுத்து உடைக்க முயன்றேன். கல்லைப் போல இருந்தது. அப்போதுதான் புரிந்தது: சிமென்ட்டில் ஒரு குறையும் இல்லை. அசைகிற இடத்தில் அசையாத பொருளை வைத்ததே குறை.

வீடு நிற்பதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது நாள்தோறும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கிறது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஒவ்வொரு மீட்டர் கான்கிரீட்டும் ஏறத்தாழ 0.01 மி.மீ. நீள்கிறது. மிகச் சிறிய எண்தான். ஆனால் 10 மீட்டர் நீளத் தளம் ஒன்று நண்பகல் வெயிலுக்கும் பின்னிரவுக் குளிருக்கும் இடையே 30 டிகிரி மாறினால், கணக்குப்படி 3 மி.மீ. நகர வேண்டும். மரச்சட்டம் ஈரத்தில் உப்பி, வறட்சியில் ஒடுங்குகிறது. குளியல் தொட்டி, தண்ணீர் நிரம்பியதும் எடை தாங்காமல் சற்றே கீழே அமுங்குகிறது. ஆகவே கடைக்குப் போய் "எது நல்ல சரக்கு?" என்று கேட்பதற்கு முன்னால், "இந்தச் சந்து அசைகிறதா?" என்ற கேள்விக்கு வீட்டிலேயே விடை கண்டுவிட வேண்டும்.

கண்டுபிடிப்பது எளிது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். நடுவில் ஓரிடத்தில் அகலத்தை அளந்து அதையும் எழுதுங்கள். ஐயம் தீரவில்லை என்றால், விரிசலின் குறுக்கே பிளாஸ்டரை மெல்லிய பட்டையாகப் பூசி உலர விடுங்கள். சில வாரங்களில் அந்தப் பட்டை பிளந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது. பிளக்காமல் இருந்தால் அது அடங்கிப்போன பழைய விரிசல். இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்துக்கு இந்தச் சோதனைகூட வேண்டாம். சுவரும் தரையும், ஜன்னல் சட்டமும் சுவரும், தொட்டியும் டைல்ஸும் சேரும் இடங்கள் எல்லாம் அசையும் இடங்கள்தான்.

சிமென்ட்டின் இடம்

அடங்கிய விரிசல் என்றால் சிமென்ட் வகைகளோடு மற்ற எதுவும் போட்டியிட முடியாது என்பது என் முடிவு. சுவரோடு ஒரே இனமாகக் கலந்துவிடுகிறது, மேலே பெயின்ட் ஏற்கிறது, வெயிலுக்கு அஞ்சுவதில்லை. இதைச் செய்யும்போது பலரும் விடும் தவறு, விரிசலை வெளியே அகலமாகவும் உள்ளே குறுகலாகவும் ஆப்பு வடிவில் செதுக்குவது. அப்படிச் செய்தால் பூச்சு உலர்ந்து சுருங்கும்போது அப்படியே கழன்றுவிடும். உள்ளே சற்று அகலமாகவும் வாயருகே குறுகலாகவும் செதுக்குங்கள். பூச்சு தானே பூட்டிக்கொள்ளும். பூசும் முன் சுவரை நனைத்துவிட வேண்டும். காய்ந்த சுவர் கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சிமென்ட் இறுகுவதற்குத் தண்ணீர் மிஞ்சாது. பாலிமர் பால் எனப்படும் வெண்ணிறப் பிசின் திரவம் கொஞ்சம் சேர்த்தால் ஒட்டும் தன்மை கூடும்.

தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருக்கும் ஓட்டைக்குத் தனியாக ஒரு வகை இருக்கிறது. ஹைட்ராலிக் சிமென்ட் எனப்படும் அது பொதுவாக 3 முதல் 5 நிமிடத்துக்குள் இறுகிவிடும்; இறுகும்போது சற்று விரியவும் செய்யும். கையுறை அணிந்து, உருண்டையாக உருட்டி, கையில் சூடு தெரியத் தொடங்கியதும் ஓட்டையில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவசரத்துக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் இதுவும் வளையாத பொருள்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

சிலிக்கானும் அக்ரிலிக்கும்

கடை அலமாரியில் இரண்டும் அருகருகே, ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ள ட்யூப்களில் இருப்பதால் எத்தனையோ பேர் மாற்றி வாங்கிவிடுகிறார்கள். குணத்தில் இரண்டும் எதிரெதிர்.

அக்ரிலிக் தண்ணீரில் நுண்துகள்களாகக் கலந்திருக்கும் பொருள். தண்ணீர் ஆவியாகித்தான் அது இறுகுகிறது. அதனால் பூசிய அளவைவிடக் கொஞ்சம் சுருங்குகிறது. வாசனை பெரிதாக இல்லை. கையில் பட்டால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, மேலே பெயின்ட் அடிக்கலாம். வீட்டுக்குள் கதவுச்சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து, கூரையோரக் கோடு, சுவரடிப் பட்டையின் மேல்விளிம்பு போன்ற இடங்களில் நான் அக்ரிலிக்கைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. இதன் பலவீனம் தேங்கும் தண்ணீர். எப்போதும் நனைந்துகொண்டிருக்கும் இடத்தில் மெல்ல மெல்ல மென்மையாகிப் பிடியை விட்டுவிடும்.

சிலிக்கான் நேர்மாறு. தண்ணீரும் வெயிலும் அதை எளிதில் அசைக்க முடியாது. அதன் மூலக்கூறின் முதுகெலும்பு சிலிக்கான் தனிமமும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. அந்தப் பிணைப்பைப் புற ஊதாக் கதிர் முறிப்பது கடினம். ரப்பர் போல நீண்டு மீள்கிறது. ஆனால் அதன்மேல் பெயின்ட் நிற்காது. தாமரை இலைத் தண்ணீர் போலத் திரண்டு ஓடிவிடும். இன்னொரு தொல்லை, ஒருமுறை சிலிக்கான் இருந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. பழைய சிலிக்கானின் மேல் புதிய சிலிக்கான்கூட ஒழுங்காக ஒட்டுவதில்லை. பழையதன்மேலேயே இன்னொரு பூச்சு இழுத்து வேலையை முடித்துவிட்டதாக நினைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அந்த உழைப்பு முழுவதும் வீண். பழையதைப் பிளேடால் சுரண்டி, மீந்த படலத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எடுத்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

சிலிக்கானுக்குள்ளேயே இரண்டு வகை உண்டு என்பதைக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்வதில்லை. ட்யூப்பைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அது அசிட்டாக்சி வகை. இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடுகிறது. நெடிக்குக் காரணம் அதுதான். கண்ணாடியிலும் பளபளப்பான டைல்ஸிலும் அருமையாகப் பிடிக்கும். ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சை அந்த அமிலம் அரிக்கும். செம்பையும் துத்தநாகப் பூச்சையும் கெடுக்கும். காரத்தன்மையுள்ள சிமென்ட்டில் சரியாகப் பிடிக்காது. இந்த இடங்களுக்கு, அந்த அமிலத்தை விடாத நியூட்ரல் வகை வேண்டும். அது சற்று மெதுவாக இறுகும், காத்திருப்பதில் நட்டமில்லை. பளிங்குக் கல் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை: எண்ணெய்க் கறை போல ஓரம் முழுவதும் படரக்கூடும் என்பதால், இயற்கைக் கல்லுக்கு ஏற்றது என்று ட்யூப்பிலேயே குறிப்பிட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். குளியலறைக்கு, பூஞ்சைக்கொல்லி சேர்த்த வகை.

வெளிப்புறத்தில் பாலியூரித்தேன்

கான்கிரீட் நடைபாதைச் சந்து, வெளிச்சுவரில் அசையும் இணைப்பு, கார் நிறுத்தும் தளம். இங்கே பாலியூரித்தேன் முன்னே நிற்கிறது. துளைகள் நிறைந்த கான்கிரீட்டை அது விடாப்பிடியாகக் கவ்வுகிறது. காலும் சக்கரமும் உராய்ந்தாலும் எளிதில் கிழிவதில்லை. பெயின்ட்டும் ஏற்கும். அதே இடத்தில் சாதாரண சிலிக்கானைப் பூசினால் மிதிபட்டுக் கிழியும், தூசியும் அப்பிக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. நேரடி வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் மேற்பரப்பு மஞ்சளித்து, பொடி உதிர்ந்து, நுண்ணிய வெடிப்பு விடும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் இது பெரிதும் குறையும். ஈரமான பரப்பில் பூசினால் உள்ளே வாயு உண்டாகிக் குமிழி கட்டும். இறுகாத நிலையில் அதில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது. கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

அண்மைக் காலத்தில் எம்.எஸ். பாலிமர் என்ற கலப்பு வகை பரவியிருக்கிறது. ஐசோசயனேட் இல்லை, பெயின்ட் ஏற்கும், வெயிலைப் பாலியூரித்தேனைவிட நன்றாகத் தாங்கும், பல பொருள்களில் ப்ரைமர் என்ற முதற்பூச்சு இல்லாமலே ஒட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே ட்யூப்தான் வைத்திருக்க முடியும் என்றால் நான் இதைத்தான் வைத்திருப்பேன். தண்ணீர் நிற்கும் குளியலறை மூலைக்கு மட்டும் இன்றும் சிலிக்கான் பக்கம்தான் நிற்கிறேன்.

ட்யூப்பின் முதுகில் ஓர் எண்

வாங்கும்போது ட்யூப்பின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஐ.எஸ்.ஓ. 11600 என்ற தரநிலை, சீலன்ட்களை, அதாவது சந்தை அடைக்கும் இந்தப் பசைகளை, அவை தாங்கும் அசைவின்படி 7.5, 12.5, 20, 25 என்று வகுக்கிறது. எண் விழுக்காட்டைக் குறிக்கும். 25 என்று இருந்தால், 10 மி.மீ. சந்து 12.5 மி.மீ. வரை விரிந்தாலும் 7.5 மி.மீ. வரை சுருங்கினாலும் அது ஈடுகொடுக்கும். அக்ரிலிக் பெரும்பாலும் தாழ்ந்த வகுப்புகளில் இருக்கும். நல்ல சிலிக்கானும் பாலியூரித்தேனும் மேல் வகுப்புகளில். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் உள்ள விளம்பர வாசகத்தைவிட இந்த ஒரு சிற்றெண் பயனுள்ளது.

ஆனால் வகுப்பு 25 சீலன்ட்டையும் தவறாகப் பூசித் தோற்கடிக்க முடியும். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சந்தின் இரு பக்கங்களில் மட்டும் சீலன்ட் ஒட்ட வேண்டும். அடியில் ஒட்டக் கூடாது. இரு பக்கங்கள் விலகும்போது நடுப்பகுதி தாராளமாக நீண்டுகொள்ளும். அடியிலும் ஒட்டிவிட்டால் அது நீள வழியில்லை. எங்கேனும் ஓர் ஓரத்தில் கிழியும். இதற்காகத்தான் பேக்கர் ராடு என்ற நுரைக் கயிறு இருக்கிறது. சந்தின் அகலத்தைவிடக் கால் பங்கு தடிமனான கயிற்றை எடுத்து, கூர்மையில்லாத குச்சியால் உள்ளே அழுத்திவிட்டு, அதன்மேல் பூச வேண்டும். 10 மி.மீ. சந்துக்கு 12 அல்லது 13 மி.மீ. கயிறு. சீலன்ட்டின் ஆழம் அகலத்தில் பாதி, அதாவது 5 மி.மீ. இருந்தால் போதும். கூடுதலாகத் திணித்தால் கூடுதல் வலிமை வரும் என்ற எண்ணம் தவறு. தடித்த சீலன்ட்டால் நீள முடியாது. கயிறு நுழைய ஆழமில்லாத சந்தில், அடியில் பாலித்தீன் நாடா ஒட்டினால் அதே பலன்.

மற்றவை கைப்பழக்கம். இரு பக்கமும் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, பூசி, நீவி, மேல்தோல் படியும் முன் டேப்பை உரித்துவிடுங்கள். நீவுவதற்குச் சோப்புத் தண்ணீரைப் பயன்படுத்துவோர் உண்டு. அது சீலன்ட்டுக்கு அடியில் புகுந்தால் அந்த இடம் ஒட்டாது. சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மி.மீ. ஆழம்தான் இறுகும். தொட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றே குழாயைத் திறந்துவிடாதீர்கள். குளியல் தொட்டியின் விளிம்பை அடைப்பதாக இருந்தால், முதலில் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, அது அமுங்கிய நிலையில் பூசி, இறுகும் வரை தண்ணீரை அப்படியே விட்டுவிடுங்கள்.

எதையும் பூசக் கூடாத விரிசல்கள்

கூரையிலோ தூணிலோ கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல் விழுந்து, பழுப்புக் கறையும் தெரிந்தால், உள்ளே இரும்பு துருப்பிடிக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே எதைப் பூசினாலும் நோயை மூடி மறைப்பதாகத்தான் ஆகும். செங்கல் சுவரில் படிக்கட்டுப் போல ஏறி, மாதந்தோறும் அகலும் விரிசலும், திடீரென்று கதவு இடிக்கத் தொடங்குவதும் அதே இனம். பொறியாளரை அழையுங்கள்.

ஓதம் காத்த சுவரிலும் பொறுமை வேண்டும். 45 செ.மீ. சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி என்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது; அறைப் பக்கம் நீர்த்துளி என்றால் அது அறைக்காற்றின் ஈரம், அதற்குச் சன்னலைத் திறப்பதே மருந்து. வீட்டின் எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் நகர்ந்தால் குழாயில்தான் கோளாறு. தரை டைல்ஸுக்கு அடியிலுள்ள நீர்த்தடுப்புப் படலமே கிழிந்திருந்தால், மேலே எத்தனை ட்யூப் செலவழித்தாலும் கீழ்வீட்டுக் கூரை நனைந்துகொண்டேதான் இருக்கும்.

எங்கள் மூலையை நான்காம் முறை திறந்தபோது, சிமென்ட் முழுவதையும் உளியால் எடுத்து, இரண்டு நாள் காற்றாட விட்டேன். அடியில் நாடா ஒட்டி, பூஞ்சைக்கொல்லி சேர்த்த நியூட்ரல் சிலிக்கானைப் பூசினேன். மேலும் இரண்டு நாள் அந்தக் குளியலறையை யாரும் பயன்படுத்தவில்லை. மூன்றாண்டு ஆகிறது. விரலால் அழுத்தினால் மெல்ல உள்வாங்குகிறது; விரலை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.