"மரைன் கிரீஸ்" என்று சொல்லி ஹப் சர்வீஸ்: சைக்கிள்காரர்கள் கவனத்திற்கு

கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள், முக்கியமாக மழையிலும் கடற்கரைச் சாலையிலும் ஓட்டுபவர்கள், ஹப் (சக்கரத்தின் நடுவில் அச்சு ஓடும் பகுதி) ஓவராயிலுக்கு, அதாவது அதைக் கழற்றிச் சுத்தம் செய்து புது கிரீஸ் போட, வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் நடந்தது. கடையின் பெயரைப் போடவில்லை. இதே பேச்சு வேறு எந்தக் கடையிலும் வரலாம்.

மழைக்காலம் முடிந்ததும் பின்சக்கரம் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. கப்-கோன் வகை ஷிமானோ ஹப், அதாவது கிண்ணம் போன்ற கப்புக்கும் அச்சில் முறுக்கும் கூம்பான கோனுக்கும் நடுவில் பேரிங் குண்டுகள் ஓடும் வகை. டிஸ்க் பிரேக். கடைக்காரர் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "சாதா கிரீஸ் அடுத்த மழைக்குத் தாங்காது சார். நம்மகிட்ட இம்போர்ட்டட் மரைன் கிரீஸ் இருக்கு, படகுக்குப் போடுறது. 250 டிகிரி ஹீட் தாங்கும்" என்றார். நீல நிறத்தில் பளபளவென்று ஒரு டப்பாவையும் திறந்து காட்டினார். டப்பாவில் லேபிள் கிடையாது. கேட்டால், பெரிய டிரம்மிலிருந்து மாற்றி வைத்ததாம். கூலியும் கிரீஸுமாக 1,400 ரூபாய்.

வண்டி கைக்கு வந்தபோது சத்தம் இல்லை. கொஞ்ச நாளில் பின் பிரேக் கீச்சிட்டது, அப்புறம் பிடிப்பே போய்விட்டது. குனிந்து பார்த்தால் ஹப்பின் இடப்பக்கம் நீலக் குழம்பு பிதுங்கி நிற்கிறது. அதிலிருந்து பிரிந்த எண்ணெய் டிஸ்க் வரைக்கும் ஓடியிருக்கிறது. பாலம் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நண்பரிடம் கோன் ஸ்பானர் வாங்கி நானே கழற்றினேன். இந்த வகைப் பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 குண்டு, கால் அங்குல அளவு. இடப்பக்கம் 8 தான் இருந்தது. நீலத்தை வழித்தெடுத்தால் அதற்கடியில் பழைய கிரீஸ், மணலோடு சேர்ந்து, விளக்கடியில் படிந்த கரிப்பிசுக்கு மாதிரி அப்படியே கிடக்கிறது. வலப்பக்கம், அதாவது பல்சக்கரம் இருக்கும் பக்கம், ஒரு சொட்டு நீலம்கூட இல்லை. இடது கோனைத் தளர்த்தி, கிடைத்த இடுக்கில் கிரீஸை அப்பி, மறுபடி முறுக்கியிருக்கிறார்கள். அச்சை வெளியே உருவவே இல்லை. கோனில் குண்டு ஓடும் தடம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குழி.

அந்த நீலத்தைக் கொஞ்சம் எடுத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலில் தேய்த்துப் பார்த்தேன். பால் மாதிரி வெளுத்து, சோப்பே இல்லாமல் குழாய்த் தண்ணீரில் போய்விட்டது. படகுக்குப் போடும் கிரீஸ் தண்ணீரில் கரையுமா? நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் பெரும்பாலும் கம்பெனி கலக்கும் சாயம்தான்.

இந்த 250 டிகிரி கதையும் அப்படித்தான். மணிக்கு 30 கிலோமீட்டரில் போனாலும் சைக்கிள் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 240 சுற்றுதான் சுற்றும். அந்த வேகத்தில் பேரிங் எங்கே சூடாகப் போகிறது? பின்னால் மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக் ஹப் என்றால் கதை வேறு, அங்கே உள்ளேயே பிரேக் உரசும். நம் ஹப்புக்கு எதிரி தண்ணீரும் மணலும். ஆட்டோமொபைல் கடையில் கிடைக்கும் சாதாரண லித்தியம் கிரீஸ், என்.எல்.ஜி.ஐ. (கிரீஸின் கெட்டித்தன்மையைச் சொல்லும் அளவு) 2ஆம் எண், போதும். மெக்கானிக்குகள் கேட்டு வாங்கும் ஏபி3 அதைவிடக் கொஞ்சம் கெட்டி, அதுவும் ஓடும். மழையில் அதிகம் ஓட்டுபவர்கள் கால்சியம் சல்ஃபோனேட் வகை தேடி வாங்கலாம், தண்ணீருக்கு அசையாது. எதுவானாலும் பழையதைச் சுத்தமாகத் துடைத்த பிறகே போட வேண்டும். லித்தியத்தோடு களிமண் வகையோ பாலியூரியா வகையோ கலந்தால் பல சமயம் இளகி எண்ணெய் பிரிந்துவிடும். அதே கெட்டிக் கிரீஸை ஃப்ரீஹப்புக்குள்ளும் (பல்சக்கரம் மாட்டும் பகுதி, மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியாகச் சுற்றவிடுவது) அடைக்கிறேன் என்றால் தடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சின்னக் கொக்கிகள் ஒட்டிக்கொண்டு, மிதித்தால் கால் வெறுமனே சுற்றும்.

கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "மழையில ஓட்டுனா இப்படித்தான் சார் ஆகும்" என்றார். மழைக்குத் தாங்கும் என்றுதானே அண்ணே காசு வாங்கினீங்க என்றதும் பக்கத்து வண்டிக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். பில் கேட்டபோது துண்டுச் சீட்டில் "சர்வீஸ்" என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்ததால் மேற்கொண்டு பேச வழியில்லை. கோன், குண்டு, பிரேக் பேடு எல்லாம் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. எண்ணெய் குடித்த பேடைத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிஸ்க்கை மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காப்பாற்றினேன்.

வண்டியை விடும்போதே அச்சு முழுதாக வெளியே வந்த நிலையில் ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கிரீஸ் டப்பாவின் லேபிளையும் படமெடுக்கச் சொல்லுங்கள். பில்லில் கிரீஸின் பெயர் வரட்டும். பழைய குண்டுகளை ஒரு பொட்டலத்தில் கட்டித் தரச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 18 இருக்க வேண்டும். முகம் சுளிக்கிற கடை என்றால் வண்டியை உருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.