வெர்ஷன் மாற்றித் தருகிறோம் என்று வருபவர்களிடம் உஷார்

வடசென்னையில் கன்டெய்னர் தொழிலுக்கு சாஃப்ட்வேர் வைத்து நடத்துபவர்கள் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் சாஃப்ட்வேரைப் புது வெர்ஷனுக்கு மாற்றித் தருகிறோம் என்று டெமோ காட்டி வேலை எடுத்த வெளி ஆட்கள் இப்போது மாதவரம், மணலி பக்கமும் அதே டெமோவைத் தூக்கிக்கொண்டு அலைவதாகக் கேள்வி. பணத் தகராறு முடியாததால் பெயர் போடவில்லை, ஆனால் டெமோவைச் சொன்னாலே பார்த்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

எங்கள் அலுவலகம் தண்டையார்பேட்டையில். சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலையம்) யார்டு கேட்டிலிருந்து கன்டெய்னர் எண், சீல் எண், எடை எல்லாம் ஜேசனாக, அதாவது பெயரும் மதிப்புமாக எழுதிய செய்தியாக வரும். அதைப் படித்து டிரெய்லர் ஓனர்களுக்கு வண்டி உள்ளே போனதா, வெளியே வந்ததா என்று காட்டுவதுதான் எங்கள் வேலை. சர்வரில் இருப்பது சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய கோடு, ஜேசனைப் படிப்பது சிம்டி ஜேசன் என்ற லைப்ரரி, அதாவது தயாராகக் கிடைக்கும் கோடுத் தொகுப்பு. டேனியல் லெமிரும் ஜெஃப் லாங்டேலும் தொடங்கியது, நொடிக்கு கிகாபைட் கணக்கில் படிக்கும், இலவசம். அந்த லைப்ரரி மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நாங்கள் அதன் 0.9 வெர்ஷனிலேயே நின்றுவிட்டோம், 3-க்குப் போக வேண்டியிருந்தது, எங்களிடம் ஆள் இல்லை என்பதால் வெளியே கொடுத்தோம்.

பேசும்போது "சின்ன வேலை சார்" என்றார்கள். அட்வான்ஸ் கைக்குப் போனதும் பேச்சு மாறியது: "பழைய டாம் முறையையே தூக்கிட்டாங்க சார், எல்லாத்தையும் ஆன் டிமாண்டில் திரும்ப எழுதணும்." டாம், ஆன் டிமாண்ட் இரண்டும் அந்த லைப்ரரியில் ஜேசனைப் படிக்கும் இரண்டு வழிகள். தொகை இரண்டு மடங்குக்கு மேல். இது சுத்தப் பொய். 2021-இல் வந்த 1.0-இலிருந்து ஆன் டிமாண்டை முன்னால் நிறுத்தினார்களே தவிர, டாம் 3-லும் அப்படியே இருக்கிறது, கூடவே வரும் விளக்கக் குறிப்பிலும் இருக்கிறது. பழைய கோடைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு புது வெர்ஷனுக்குப் போயிருக்கலாம்.

அடுத்தது டெமோ. ஒரு பெரிய கோப்பு, பழைய கோடு ஒரு பக்கம், அவர்களுடையது ஒரு பக்கம், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். எங்கள் முதலாளி அசந்துபோனார். விஷயம் என்னவென்றால், டாம் கோப்பு முழுவதையும் படித்து ஒவ்வொரு மதிப்பையும் சரிபார்த்து மரமாகக் கட்டிவைக்கும்; ஆன் டிமாண்ட் முதலில் எழுத்துக் குறியாக்கம் (யூடிஎஃப்-8) சரியா என்று பார்த்து அடைப்புக்குறி, காற்புள்ளி இருக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளும், அப்புறம் நீங்கள் கேட்ட மதிப்பை மட்டும்தான் பிரிக்கும், கேட்காத இடத்தில் எண் உடைந்து கிடந்தாலும் கண்டுகொள்ளாது. டெமோவில் அவர்கள் கேட்டது ஒரே ஒரு ஃபீல்ட். வேகமாக வராமல் என்ன செய்யும்? போகட்டும், எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிற தொழிலில் சில மைக்ரோ நொடி மிச்சம் பிடித்து யாருக்கு லாபம்!

லைவ் போனதும் ஆரம்பித்தது. டிரெய்லர் ஓனர் ஒருவர் போன் செய்து, "இன்னா தம்பி, வண்டி இங்க ரோட்டுல நிக்குது, உன் சிஸ்டம் உள்ள போயிடுச்சுன்னு காட்டுது" என்று கத்தினார். வேறொரு வண்டிக்கு அதற்கு முந்தைய கன்டெய்னரின் எடை. சீல் எண் இருக்க வேண்டிய இடத்தில் யாருடைய எண்ணோ.

எனக்குத் தெரிந்த வெளி ஆள் ஒருவரை வைத்துக் கோடைத் திறந்து பார்த்தோம். எல்லா இடத்திலும் ஃபீல்டைப் பெயர் சொல்லித் தேடும் ஃபைண்ட் ஃபீல்ட் என்ற கட்டளையைப் போட்டிருந்தார்கள். அது நிற்கும் இடத்திலிருந்து முன்னால்தான் தேடும், பின்னால் திரும்பாது. ஒரு யார்டு மெஷின் எடையை முதலில் அனுப்பும், இன்னொன்று கடைசியில் அனுப்பும், வரிசை மாறினால் ஃபீல்ட் இல்லை என்று எரர் வரும். வரிசை பார்க்காமல் தேடவும் வழி இருக்கிறது, சதுர அடைப்புக்குறி போட்டாலே போதும். சரி, எரர் வந்ததே, அதையாவது பார்த்தார்களா? ஓரிடத்திலும் பார்க்கவில்லை, அதனால் கோடில் எடையை வைக்கும் மாறியில் முந்தைய வண்டியின் எடை அப்படியே கிடந்திருக்கிறது. சீல் எண் கதை இன்னும் மோசம். அதை ஸ்டிரிங் வியூவாக வைத்திருந்தார்கள்; ஸ்டிரிங் வியூ என்பது பார்சரின் (ஜேசனைப் படிக்கும் பகுதியின்) நினைவகத்தைக் காட்டும் சுட்டி மட்டுமே, அதே பார்சரில் அடுத்த செய்தியை ஏற்றிவிட்டால் பழையது செல்லாது. எங்கள் பழைய கோடில் சீல் எண்ணை நகல் எடுத்து வைத்திருந்தோம், இவர்கள் வேகத்துக்காக என்று அந்த வரிகளையே அழித்திருக்கிறார்கள்.

கேட்டதற்கு வந்த பதில்: "லைப்ரரியில் பக் சார், புது வெர்ஷன் வரட்டும்." இந்த மூன்றும் அந்த விளக்கக் குறிப்பில் எச்சரிக்கையாகவே எழுதியிருக்கின்றன. வரிவரியாக எடுத்து அனுப்பியதும் இரண்டாவது பில் வந்தது, "எரர் ஹேண்ட்லிங் கூடுதல் பணி" என்ற தலைப்பில்!

உங்களிடம் டெமோவோடு வந்தால் உங்கள் யார்டின் நிஜச் செய்திகளைக் கொடுத்து, எல்லா ஃபீல்டையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள், ஃபீல்ட் வரிசையை மாற்றியும் ஓட்டச் சொல்லுங்கள். டாம் போய்விட்டது என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். எந்தெந்த வரி மாறியது என்ற பட்டியல் வராமல் மீதிப் பணத்தைத் தரவேண்டாம், எங்களிடம் அதைக் கடைசிவரை தரவே இல்லை. நாங்கள் டாமுக்கே திரும்பி, 3-இல் ஓடிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது பில்லைக் கட்டப் போவதில்லை என்று மெயில் போட்டாயிற்று, அட்வான்ஸைத் திரும்பக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் இந்த வாரம் போகிறது.