வால்வு ஆபரேஷனுக்கு ஐந்து நட்சத்திரம், ஐஎன்ஆர் கிளினிக்குக்கு இரண்டு

அக்காவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு மாற்றியது சிங்கப்பூரில் ஓர் அரசு மருத்துவமனையில். வால்வு மாற்றுவது இதய சர்ஜன்களுக்குத் தினப்படி வேலை. அக்கா விஷயத்தில் சிக்கல் ரத்தம்தான். அவருக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். உடம்பு தானே உண்டாக்கும் ஆன்டிபாடியால் ரத்தம் கண்ட இடத்தில் உறையும், வால்வு தடித்துக் கசிந்ததும் அதனால்தான்.

முதலில் பாராட்டு. தேதி குறிக்கும் முன்பே சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ரத்தவியல், ருமட்டாலஜி (மூட்டு நோய், உடம்பு தன்னையே தாக்கும் நோய்களைப் பார்ப்பவர்கள்) என எல்லாரும் கூடிப் பேசி, எங்களையும் உட்கார வைத்து விளக்கினார்கள். இதய-நுரையீரல் மெஷினில் போடும்போது உறையாமலிருக்க ஹெப்பரின் கொடுத்து, அது போதுமா என்று ரத்தம் உறையும் நேரத்தை வைத்துப் பார்ப்பார்களாம். ஆனால் இந்த நோயில் அந்த ஆன்டிபாடியே நேரத்தை நீட்டிக் காட்டும், ஹெப்பரின் போதாமலேயே போதுமானது போலத் தெரியும். அதனால் ஹெப்பரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று நேராக அளக்கும் ஆன்டி டென்-ஏ சோதனையும் சேர்த்துப் பார்ப்போம் என்றார் மயக்க மருந்து டாக்டர், பில் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டி. எப்படியும் ஆயுசுக்கும் வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை) என்பதால், அது கட்டாயம் தேவைப்படும் மெக்கானிக்கல் வால்வையே வைத்தார்கள். (வார்ஃபரினுக்குப் பதிலாக வந்திருக்கும் புது மாத்திரைகளைப் பற்றிக் கேட்டேன். இந்த வால்வுக்கும் ஆகாது, அக்கா நோய்க்கும் ஆகாது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள்.)

சி வகுப்பு வார்டு, சாப்பாடு சுமார். மெடிஷீல்டு லைஃபும் (அரசு மருத்துவக் காப்பீடு) மெடிசேவும் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) பில்லில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொண்டன.

கடுப்பு அப்புறம்தான். ஐஎன்ஆர் என்பது வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் எண், கூடினால் டோஸ் அதிகம் என்று அர்த்தம். அதைப் பார்க்கும் கிளினிக்கில் விரலில் குத்தி மெஷினில் வைத்தார்கள், 4.6. அக்காவுக்கு வைத்திருக்கும் இலக்கு 2.5 முதல் 3.5 வரை. உடனே டோஸைக் குறைக்கப் போனார்கள். இந்த ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு அந்த மெஷின் கூட்டிக் காட்டலாம், கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து லேபில்தான் பார்க்க வேண்டும் என்று ரத்தவியல் டாக்டர் கடிதமே கொடுத்திருக்கிறார், ஃபைலில் முதல் பக்கம் அதுதான், புரட்டத்தான் ஆளில்லை. மல்லுக்கட்டி லேபுக்கு அனுப்ப வைத்தோம். வந்தது 2.9. அன்றைக்குச் சும்மா தலையாட்டியிருந்தால் புது வால்விலேயே ரத்தம் கட்டியிருக்கலாம்.

கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரின் வேலையைக் குறைக்கும். அதற்காக அவர்கள் தந்த உணவுத் தாளில் பிராக்கோலி இருக்கிறது, கைலான் என்ற சீனக் கீரை இருக்கிறது, முருங்கைக்கீரை இல்லை. தேக்கா மார்க்கெட்டுக்குப் போனால் அக்கா வாங்கும் முதல் சாமானே அதுதான். மருந்தகத்தில் இருந்த தமிழ்ப் பெண்தான், "நிறுத்த வேணாம்கா, வாராவாரம் ஒரே அளவா சாப்பிடுங்க" என்றார்.

இதே நோயோடு அங்கே போகிறவர்கள் கடிதத்தை ஃபைலில் வைக்காதீர்கள், கையில் வைத்திருங்கள், விரலைக் கேட்டதும் அதை நீட்டுங்கள்.